பிணியுற்றார்க்கு உடனிருப்போர் அறம்

கோயிலுக்கு வந்து நோயாளிக்காக அர்ச்சனை செய்விப்போர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்வதோடு நிற்பதில்லை. என்ன வருத்தம் என்பதையும் குருக்களிடம் சொல்லி ஆறுவர். சலரோகம், நெஞ்சு வருத்தம், முழங்கால் நோ என்று நோயின் பெயர் தயக்கமின்றி வரும். ஒரேயொரு நோய்க்கு மட்டும் பெயர் வருவதில்லை. “அந்த வருத்தம், ஐயா” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, நோயாளி பக்கத்தில் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்ப்பர்.

புற்றுநோயின் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாந்தர் கூசுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பெயரைச் சொன்னால் நோய் வீட்டுக்குள் குடிபுகுந்துவிடும் என்ற பழைய அச்சம் ஒன்று. நோயாளிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற எண்ணம் மற்றொன்று. முதலாவது காலப்போக்கில் தேய்ந்து வருகிறது. இரண்டாவது தேயவில்லை, படித்த வீட்டிலும் படியாத வீட்டிலும் அது ஒன்றுபோலவே இருக்கிறது. பெற்ற தாய்க்கோ கட்டிய கணவனுக்கோ இந்நோய் வந்து, மாதக்கணக்கில் மருந்தும் பயணமுமாகக் கழியும்போது உடனிருப்பவர் செய்யத்தக்கது யாது? அன்பு செய்தல் என்பது எவரும் சொல்லும் விடை. அந்த அன்பு உண்மையை மறைக்கச் சொல்கிறதா, சொல்லச் சொல்கிறதா என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துள்ளார். நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தைக் கொடுப்பவன் என்பன அவை. நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தில் நடமாடுபவன் என்று கொள்ளலாம். மருத்துவம் என்றால் வைத்தியரும் குளுசையும் என்று எண்ணிப் பழகிய இக்காலத்தவருக்கு, பக்கத்தில் இருப்பவனை அதன் காற்பங்காக வைத்த அந்தக் கணக்கு வியப்பளிக்கும்.

பரிமேலழகர் தமது உரையில் ஒவ்வொரு கூறுக்கும் நான்கு தகுதிகளைச் சொல்கிறார். உடனிருப்பவனுக்கு நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய் மூன்றிலும் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வல்லமை, அறிவு ஆகியன வேண்டுமாம். அன்பு நான்கில் ஒன்றுதான். அது இருந்தால் போதும் என்று உரையாசிரியர் விட்டுவிடவில்லை. நோயாளிக்கும் நான்கு தகுதிகள் உள்ளன: பொருள் உடைமை, வைத்தியர் சொல்வழி நிற்றல், தன் நோயின் நிலையை எடுத்துரைத்தல், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல். இவ்விடத்தில் சற்றே நிதானிக்க வேண்டும். நோயாளி மருந்தை வாங்கிக்கொள்ளும் வெறும் பாத்திரமல்லர்; மருத்துவத்தில் அவரும் ஒரு கூறு. தமக்கு வந்தது என்னவென்றே அறியாதவர் தம் பங்கை எவ்வாறு செய்வார்?

செட்டிகுளத்தைப் பொறுத்தவரையில் உடனிருத்தல் என்பதில் பெரும்பகுதி பயணமே. இங்குள்ள வைத்தியசாலையில் சந்தேகம் எழுந்தால் வவுனியா. வவுனியாவுக்கு அப்பால் தெல்லிப்பழை அல்லது மகரகம. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை 2013 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கான நிதி, 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை பல இன மக்களும் சேர்ந்து 27 நாட்கள் நடந்த நடைபயணத்தில் திரண்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அதற்கு முன்னர் வன்னியில் பலருக்கு மகரகம என்ற ஊர்ப்பெயரே நோயின் பெயராகியிருந்தது. “மகரகமவுக்குக் கொண்டுபோயினமாம்” என்றால் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மருந்து ஏற்றுதல் பல வகைப் புற்றுநோய்களில் மூன்று கிழமைக்கு ஒரு தடவை நடைபெறும். கரண்ட் பிடித்தல் என்று மக்கள் சொல்லும் கதிர்ச் சிகிச்சையோ கிழமைக்கு ஐந்து நாட்களாகப் பல கிழமைகள் தொடரும். அத்தனை நாளும் யார் கூட நிற்பது? பெரும்போக விதைப்பு நேரத்தில் மகன் நின்றால் வயல் தரிசாகும். மகள் நின்றால் அவளுடைய பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆளில்லை. பெண்கள் வாட்டில் இரவில் ஆண் துணை நிற்க முடியாது. இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பது பெரும் பேறு. ஆயினும் பஸ் காசு, தங்குமிடம், கடைச் சாப்பாடு, இழந்த நாட்கூலி என்று கட்டணமில்லாத சிகிச்சைக்கும் ஒரு செலவுக் கணக்கு இருக்கத்தான் செய்கிறது. நோயாளி அந்தக் கணக்கை மனதுக்குள் போட்டபடியே இருப்பார். தம்மால் வீடு கடன்படுகிறதே என்ற எண்ணம் ஊசியை விடக் கூடுதலாக நோகும்.

பக்கத்தில் ஆளில்லாத நோய் எத்தகையது என்பதை இவ்வூர் ஏட்டில் படித்து அறியவில்லை. 2009 ஆம் ஆண்டில் மெனிக்பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைபட்டிருந்தபோது, வைத்தியசாலைக்கு ஏற்றப்பட்டவர் ஓரிடத்திலும் உறவினர் வேறோரிடத்திலுமாக ஒருவரையொருவர் தேடினர். வெளிநாட்டு வைத்தியர்களும் வந்து சேவை செய்தனர், மருந்தும் இருந்தது. தண்ணீர் பருக்கிவிடவும், “நான் இஞ்சதான் நிக்கிறன்” என்று சொல்லவும் தமக்குரிய ஆள் இல்லாதவர்களின் கண்களைப் பார்த்தவர்கள் இன்றும் செட்டிகுளத்தில் வாழ்கின்றனர். வள்ளுவர் சொன்ன நான்கில் மூன்று இருந்து ஒன்று இல்லாத நிலை அது. முகாம்கள் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டன.

இனி மொழிக்கு வருவோம். சிக்கலின் கூர்முனை அங்குதான் உள்ளது. தெற்கிலுள்ள வைத்தியசாலையில் வைத்தியர் பேசுவது பெரும்பாலும் சிங்களம், இடையிடையே ஆங்கிலம். நோயாளியான தாய்க்கு இரண்டும் தெரியாது. கூடவந்த மகனுக்குச் சிங்களம் ஓரளவு தெரியும். வைத்தியர் ஐந்து நிமிடம் விளக்குகிறார். தாய் மகனின் முகத்தைப் பார்க்கிறாள்.

“டொக்டர் என்னவாம் தம்பி?”

“ஒண்டுமில்லை அம்மா. சின்னக் கட்டிதானாம். மருந்து ஏத்தினால் சரியாம்.”

ஐந்து நிமிடப் பேச்சு இரண்டு வரியாகிவிட்டது. அந்த இடத்தில் மகன் மொழிபெயர்ப்பாளன் மட்டுமல்லன். எதைத் தாய் அறியலாம், எதை அறியக்கூடாது என்று தீர்ப்பளிப்பவனாகவும் ஆகிவிட்டான். அவனை எவரும் அப்படி நியமிக்கவில்லை. அன்பினால்தான் செய்தான் என்பதிலும் ஐயமில்லை. தாய் வைத்தியரிடம் கேட்கச் சொன்ன கேள்வியும் இதே வழியில் பாதியில் நின்றுவிடுவதுண்டு. “இன்னும் எத்தினை மாதம் வரவேணும் எண்டு கேள்” என்பாள். மகன் அடுத்த கிளினிக் திகதியை மட்டும் கேட்டு வருவான். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியானது. சட்டப் புத்தகத்தில் ஏறிய மொழி வாட்டில் நோயாளியின் கட்டிலடிக்கு வந்து சேர எத்தனை காலம் செல்லும் என்பது கந்தோர் வேலை பார்த்தோருக்குப் புதிய கேள்வியன்று. தமிழ் பேசும் தாதியோ வைத்தியரோ இருக்கிறாரா என்று கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. பாடசாலையில் சிங்களம் படித்தது என்பதற்காகப் பதினைந்து வயதுப் பிள்ளையைத் தாயின் நோய்க்கு மொழிபெயர்ப்பாளராக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. அந்தப் பாரம் அப்பிள்ளையின் தோளுக்கு உரியதன்று.

மறைப்போர் தமக்குத் துணையாக வள்ளுவரையே அழைப்பர். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்திலே சொல்லியிருக்கிறாரே என்பர். சொல்லியிருக்கிறார். ஆனால் நன்மை என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, குற்றம் தீர்ந்த நன்மை என்கிறார். பலரும் வசதியாக மறந்துவிடும் சொல் அதுவே. ஆகவே மறைப்பதால் விளையும் நன்மையில் குற்றம் உண்டா இல்லையா என்று எடைபோட்டே ஆகவேண்டும்.

மறைத்த வீட்டில் நடப்பது என்ன? தலைமயிர் உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, சோற்றின் மணமே குமட்டுகிறது. சின்னக் கட்டிக்கு ஏன் இத்தனை பாடு என்று நோயாளி யோசிக்கிறார். காரணம் தெரிந்தால் பொறுக்கக்கூடிய துன்பம், காரணம் தெரியாதபோது கொடுமையாகத் தோன்றும். சிலர் மருந்து பிழைத்துவிட்டது என்று எண்ணிப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். வைத்தியசாலையில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வந்த முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்பதையும் மறைப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை. மகரகமவுக்கு வந்தவர் தமக்கு என்ன நோய் என்று அறியாமல் இருப்பது அரிது. அறிந்தபின் அவரும் மறைக்கத் தொடங்குகிறார்; தமக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அவர்கள் உடைந்துபோவார்களே என்பது அவர் கவலை. தாய் மகனுக்காக நடிக்கிறாள், மகன் தாய்க்காக நடிக்கிறான். ஒரே வீட்டில், ஒரே துயரம், ஆனால் ஒருவர்க்கொருவர் துணையில்லை. காணி உறுதி யார் பெயரில் எழுதுவது, கடைசி மகளின் கலியாணத்தை முன்தள்ளி வைக்கலாமா, பத்து வருடமாகப் பேசாத தம்பியை ஒருமுறை பார்த்துவிடலாமா என்று அவர் மனதில் ஓடுவதை எவரிடமும் வாய்திறந்து சொல்ல வழியில்லாமற் போகிறது. இது குற்றமற்ற நன்மை ஆகாது.

உண்மையைச் சொல்வது வெள்ளைக்காரர் வழக்கம், மறைப்பது தமிழர் பண்பாடு என்று வாதிடுவோரும் உளர். அதுவும் சரியன்று. 1961 இல் அமெரிக்காவில் வைத்தியர்களிடையே நடந்த ஓர் ஆய்வில் பத்தில் ஒன்பது பேரளவில் புற்றுநோயாளிக்கு அதைச் சொல்வதில்லை என்றே விடையளித்தனர். 1979 இல் அதுபோன்றதோர் ஆய்வில் ஏறக்குறைய எல்லோருமே சொல்வோம் என்றனர். பதினெட்டு ஆண்டில் பண்பாடு மாறிவிடவில்லை. மருந்து மாறியது; பிழைப்போர் தொகை கூடியது; பிழைக்க வேண்டுமானால் நோயாளியின் ஒத்துழைப்பு வேண்டும் என்பதும் விளங்கியது. செய்ய எதுவும் இல்லாத காலத்தில் மௌனம் இரக்கமாக இருந்திருக்கலாம். செய்ய நிறைய இருக்கும்போது அது தடையாகிவிடுகிறது.

அப்படியானால் கிளினிக்கால் வெளியே வந்ததும் பஸ் தரிப்பிடத்தில் வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவதா? அதுவும் அறமன்று. தமது மனப்பாரத்தை இறக்கி வைப்பதற்காகவே உண்மை பேசுவோர் உண்டு. அறிய விரும்பும் உரிமை நோயாளிக்கு உண்டென்றால், அறிய விரும்பாதிருக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. எவ்வளவு சொல்வது என்று தீர்மானிக்க வேண்டியவர் அவரே. அதை அறிய ஒரே வழி கேட்பதுதான். “டொக்டர் சொல்லுறதெல்லாத்தையும் உங்களுக்குச் சொல்லட்டோ அம்மா, இல்லாட்டி நாங்கள் கேட்டு வைச்சிருக்கட்டோ?” என்று கேட்டால் பெரும்பாலானோர் தெளிவாகவே விடை தருவர். சிலர் அன்று பேசாதிருந்துவிட்டு, பின்னொருநாள் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது தலைநிமிராமலே கேட்பர். அந்த நேரத்தில் பேச்சை மாற்றாதிருப்பவரே உடனிருப்பவர். மனம் மொழி மெய் மூன்றிலும் தூய்மை என்று பரிமேலழகர் சொன்னதில் மொழித் தூய்மை இதுவாகவும் இருக்கலாம்.

அறிவு என்ற தகுதியைப் பற்றியும் சில சொற்கள் அவசியம். மருந்து ஏற்றி ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் இரத்தத்தில் நோயெதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்துவிடும். அந்நாட்களில் காய்ச்சல் கண்டால் பனடோல் கொடுத்துப் படுக்கவைத்து விடியட்டும் என்று பார்த்திருப்பது ஆபத்து. அந்நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நள்ளிரவில் ஓட்டோ யாரிடம் பிடிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பதும் மருத்துவத்தைச் சேர்ந்ததே. சுகம் விசாரிக்க வருவோரை அந்நாட்களில் முற்றத்தோடு அனுப்பிவிட்டால் கோபிப்பர், கோபிக்கட்டும். நாட்டு மருந்து ஏதும் கொடுத்தால் அதை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், ஸ்கான் அறிக்கைகள் யாவற்றையும் திகதி வரிசையில் ஒரே கோவையில் வைத்திருப்பவர், வைத்தியர் மாறினாலும் வைத்தியசாலை மாறினாலும் நோயாளிக்குப் பல நாட்களை மிச்சப்படுத்திக் கொடுக்கிறார். காகிதத்தைப் பேணுவதும் அன்பின் ஒரு வடிவம் என்றால் சிலர் சிரிக்கக்கூடும். சிரிப்போர் தொலைந்துபோன ஒரு அறிக்கைக்காக வவுனியாவுக்கும் கொழும்புக்கும் அலைந்திராதவர்கள்.

சைவ மக்களிடையே நோயைப் பற்றி எழும் இன்னொரு பேச்சு வினை பற்றியது. செய்த வினை அனுபவிக்கத்தானே வேண்டும் என்று நோயாளியின் காதுபடச் சொல்லுவோர் இன்றும் உளர். வினைக் கொள்கை சைவ சித்தாந்தத்தின் அடிப்படைகளில் ஒன்று என்பதில் மறுப்பில்லை. அது தன்னைத் தான் சோதிப்பதற்கு உரிய கொள்கை. பிறர் கட்டிலடியில் நின்று படிக்கும் குற்றப்பத்திரிகையன்று. திருஞானசம்பந்தர் திருச்செங்கோட்டில் தங்கியிருந்த காலத்தில் அடியார்களைக் குளிர்காய்ச்சல் வருத்தியது. அப்போது அருளிய திருநீலகண்டப் பதிகத்தின் தொடக்கமே இதுபற்றித்தான். இது இந்த வினைக்கு வந்தது என்று சொல்லத் தெரிந்திருக்கிறீர்கள், தப்பும் வழியை நாடாதிருப்பது குறையல்லவா என்று கேட்கிறார் ஆளுடைய பிள்ளையார். வினை என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வதைச் சைவம் ஆதரிக்கிறது என்போருக்கு அப்பதிகமே விடை.

வினையென்று சொல்லாதவர்களும் வேறு விதமாகக் குற்றஞ்சாட்டுவர். இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. வெற்றிலை, பாக்கு, புகையிலை அதற்குப் பெருங்காரணம் என்பது நிறுவப்பட்ட உண்மை. நோய் வருமுன் அதை ஆயிரம் தரம் சொல்ல வேண்டும். வந்தபின் “எத்தினை தரம் சொன்னனான், கேட்டனீங்களே?” என்பதால் எந்தக் கட்டியும் கரைவதில்லை. பெரியபுராணத்தில் திலகவதியார் வரலாறு இவ்விடத்து எண்ணத்தக்கது. மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டபோது உயிர்விடத் துணிந்தவர், தம்பிக்காக உயிர் தாங்கினார். அந்தத் தம்பியோ தமக்கையைத் தனியே விட்டுச் சமணம் புகுந்தார். பின்னர் சூலைநோய் வந்து, அங்கிருந்தோர் முயன்றும் தீராதபோது தமக்கைக்கு ஆள் அனுப்பினார். திலகவதியார் அங்கே வர இசையவில்லை. இது படிப்போர் சிலருக்கு இடறும். இடறத்தான் வேண்டும், உடனிருப்போருக்கும் தாண்டக்கூடாத எல்லை ஒன்று இருக்கலாம் என்பதை அது காட்டுகிறது. ஆனால் தம்பி இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது, என்னை விட்டுப் போனாயே என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. திருநீறு அளித்தார், திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். சூலை தீர்ந்த அற்புதத்தை எல்லோரும் பேசுவர். பழையதைக் கிளறாத அந்த மௌனத்தையும் பேசினால் பல வீடுகளுக்குப் பயன்படும்.

உடனிருப்பவரின் பாடு பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சருக்குத் தொண்டைப் புற்று 1885 இல் தெரியவந்தது. கல்கத்தாவில் சியாம்புகூரில் ஒரு வாடகை வீட்டுக்கும், அவ்வாண்டு டிசெம்பரில் காசிப்பூர்த் தோட்ட வீட்டுக்கும் அவரைக் கொண்டுசென்றனர். நரேந்திரர் முதலிய இளைஞர் முறைவைத்து இரவுபகலாகப் பணிவிடை செய்தனர். அன்னை சாரதாதேவிக்குச் சியாம்புகூர் வீட்டில் தனியறை கூட இல்லை. மொட்டைமாடிப் படியருகே ஒரு சிறு இடத்தில் பகல் முழுவதும் இருந்து, அவர் விழுங்கக்கூடிய உணவைச் சமைத்து, எல்லோரும் உறங்கியபின் உறங்கி, எவரும் எழுமுன் எழுந்தார். காசிப்பூரில் செலவு கூடியபோது பணிவிடைக்கு இத்தனை பேர் எதற்கு என்று இல்லறத்து அன்பர் சிலர் கேட்க, இளைஞர் மனம் நொந்ததும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. அவதார புருஷர் என்று போற்றியவரின் கட்டிலடியிலேயே காசுக் கணக்கில் பிணக்கு வந்ததென்றால், செட்டிகுளத்து வீடொன்றில் அண்ணன் தம்பிக்குள் வருவது அதிசயமில்லை. 1886 ஓகஸ்ட் 16 இல் பரமஹம்சர் மகாசமாதி அடையும்வரை அந்தப் பணிவிடை தளராமல் நடந்தது.

வன்னிக் குடும்பங்களில் இந்தப் பிணக்குக்குக் கடலும் குறுக்கே கிடக்கிறது. லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவர். அது இல்லாவிட்டால் பல சிகிச்சைகள் நடந்திரா. கூடவே தொலைபேசியில் கட்டளைகளும் வரும். அந்த ஸ்பெஷலிஸ்டிடம் காட்டினீங்களோ, இந்தச் சாற்றைக் கொடுத்தீங்களோ, ஏன் இன்னும் இந்தியாவுக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்பர். பத்து நிமிடம் பேசிவிட்டு அவர்கள் வேலைக்குப் போய்விடுவர். வாந்தியைத் துடைத்த கையோடு தொலைபேசியைப் பிடித்திருந்த மருமகள் மீண்டும் துணி அலசப் போவாள். காசு அனுப்புவோரும் கட்டிலடியில் நிற்போரும் இருவருமே வேண்டப்படுபவர்கள்தான். ஆயினும் முடிவெடுக்கும் பேச்சில் பக்கத்தில் நிற்பவரின் சொல்லுக்கு எடை கூடவேண்டும். அவரினும் கூடிய எடை நோயாளியின் சொல்லுக்கு. நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. அந்த மருமகளை ஒரு கிழமை தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவளுடைய இடத்தில் வேறொருவர் நிற்பது, தூர இருந்து சொல்லும் நூறு ஆலோசனையை விட மேலானது. கேரளத்தில் கோழிக்கோட்டை நடுவாகக் கொண்டு, நோவுதணிக்கும் சிகிச்சைக்கான சங்கம் 1993 இல் தொடங்கியது. பின்னர் அயலவரே சில மணித்தியாலம் பயிற்சி பெற்று, நோயாளி வீடுகளுக்கு முறைவைத்துச் செல்லும் ஏற்பாடு ஊர்தோறும் வளர்ந்தது. அயலவர் மாறி மாறி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக் கொடுக்கத் தெரிந்த ஊருக்கு இது முடியாத காரியமன்று.

உறவினரின் கட்டிலடியில் நின்றதன் பயன் அந்த வீட்டோடு முடியாததும் உண்டு. டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கை மலக்குடற் புற்றுநோயால் இளம் வயதில் பட்ட வேதனையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். தாம் வைத்தியராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனை அவரை விடவேயில்லை. 1954 இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கியபோது அவருக்கு வயது அறுபத்தேழு. தங்கையை இழந்த அக்காளின் துயரத்தில் முளைத்த அந்நிலையத்தில் டொக்டர் சாந்தா 2021 இல் தாம் மறையும்வரை பணிபுரிந்தார்.

மாற்ற முடியாத கட்டம் ஒன்று சில நோயாளிகளுக்கு வந்தே தீரும். இன்னும் ஒரு தடவை மருந்து ஏற்றிப் பார்ப்போம் என்று பிள்ளைகள் சொல்வர். போதும், வீட்டுக்குக் கொண்டுபோங்கோ என்று நோயாளி சொல்வார். விட்டுவிட்டார்கள் என்று ஊர் சொல்லுமே என்ற பயத்தில் ஒரு வயோதிபரை மீண்டும் மீண்டும் பயணத்தில் ஏற்றுவது எவர் நன்மைக்கு என்று பிள்ளைகள் தம்மைக் கேட்டுப் பார்க்க வேண்டும். சிகிச்சையை நிறுத்துவது என்பது கவனிப்பை நிறுத்துவது ஆகாது. லண்டனில் 1967 இல் சென் கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவிய டொக்டர் சிசிலி சோண்டர்ஸ், நோவு வந்தபின் மருந்து தேடாமல் நேரந்தவறாது முன்கூட்டியே கொடுத்தால் கடைசிக் கட்ட நோயாளியும் நோவின்றி இருக்கலாம் என்று காட்டினார். மோபீன் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்று பயந்து, சில நாட்களே இருக்கப்போகும் தகப்பனை அலறவிடும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று வைத்தியர்கள் எத்தனையோ முறை சொல்லியாயிற்று.

திருவண்ணாமலையில் ஸ்ரீ ரமண மகரிஷியின் இடது கையில் 1948 இன் இறுதியில் சிறிய கட்டி ஒன்று தோன்றியது. அது சார்கோமா என்னும் புற்று. 1949 இல் நான்கு தடவை அறுவைச் சிகிச்சை செய்தனர், ரேடியமும் வைத்தனர். கையை எடுத்துவிடலாம் என்று வைத்தியர்கள் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். உடம்பே ஒரு நோய், அதற்கு இயல்பான முடிவு வரட்டும், ஏன் வெட்டவேண்டும், கட்டுப்போட்டால் போதும் என்றார். சுற்றி நின்றோர் அழுதனர். அவர் இல்லாமல் வாழ முடியாது என்று எண்ணியோர் அவர்கள். ஆயினும் மறுத்த மறுப்பை மீறி எவரும் கையில் கத்தி வைக்கவில்லை. மற்றப்படி சித்த வைத்தியமோ ஆங்கில வைத்தியமோ எவர் அன்போடு எதைக் கொண்டுவந்தாலும், அவர்களுடைய மனம் ஆறட்டும் என்று ஏற்றுக்கொண்டார். பார்க்க வந்தோரைத் தடுக்கக் கூடாது என்பதிலும் கண்டிப்பாக இருந்தார்.

1950 ஏப்ரல் 14 ஆந் திகதி வெள்ளிக்கிழமை. அதுவே கடைசி நாள் என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்திருந்தது. காலையில் அவர் தொண்டர்களைப் போய்த் தியானம் செய்யும்படி சொன்னார். மதிய அளவில் நீராகாரம் கொண்டுவந்தபோது வழக்கம்போல மணி கேட்டார். இனி நேரம் பார்த்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்றும் சொன்னார். பிறகு, ஆண்டுக்கணக்காகத் தமக்குப் பக்கத்தில் இருந்து பணிசெய்தவர்களைப் பார்த்து, ஆங்கிலேயருக்குத் ‘தாங்ஸ்’ என்று ஒரு சொல் இருக்கிறது, தமிழில் ‘சந்தோஷம்’ என்று மட்டும் சொல்கிறோம் என்றார்.